இழுப்புக்குப் புரோபயாடிக் மாத்திரையா, வேறு வழியா? மாதக் காசை எதில் போடலாம்

வட சென்னையில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர், கொடுங்கையூர் பக்கம் குடியிருப்பவர்களிடமிருந்து இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது. அல்லது பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வீட்டுக்காரருக்கு ராத்திரியானால் மூச்சு வாங்குகிறது. இன்ஹேலர் என்றால் வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்த நேரத்தில் யாரோ ஒரு சொந்தக்காரர், "எல்லாம் வயித்துலதான் இருக்கு, புரோபயாடிக் குடுங்க, கெமிக்கலால வந்த ஆஸ்துமாகூடச் சரியாயிடும்" என்கிறார். புரோபயாடிக் என்றால் குடலுக்கு நல்லது என்று விழுங்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள். மாதம் இதற்கென்று ஒதுக்க முடிவது ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோதான். அதை எதில் போடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் காசு, இழுப்பு வராமல் இருக்க எடுக்கும் தடுப்பு இன்ஹேலருக்குப் போகட்டும். அடுத்தது, மூச்சைக் கெடுக்கிற நெடி எது என்று கண்டுபிடித்து அதை விலக்குவதற்கு. தயிரும் பழைய சோறும் கீரையும் அதுபாட்டுக்குத் தினமும் நடக்கட்டும். புரோபயாடிக் மாத்திரைக்கு வரிசையில் கடைசி இடம்தான், அதுவும் சில நிபந்தனைகளோடு. இந்த வரிசை ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குடலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

புரோபயாடிக் பேச்சை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. இவை ரத்தத்தில் கலந்து போய், நோய் எதிர்ப்புச் செல்கள் தேவையில்லாமல் கொந்தளிப்பதை அடக்குகின்றன. 2014இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு நார்ச்சத்து நிறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளின் மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வீக்கம் குறைவாக இருந்தது. 2015இல் கனடாவில் கைக்குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, மூன்று மாத வயதில் குறிப்பிட்ட நான்கு வகைப் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன.

ரசாயனத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. கிருமிநாசினி போட்டு அடிக்கடி துடைக்கும் வீடுகளில் வளரும் குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்களின் விகிதமே மாறியிருப்பதை அதே கனடாக் குழந்தைகளிடம் 2018இல் கண்டார்கள். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் சந்தேக வளையத்தில் இருக்கின்றன. 2004இல் ஸ்வீடனில் வீட்டுத் தூசியைச் சோதித்தபோது, ஒரு வகைத் தாலேட்டு அதிகமாக இருந்த வீடுகளில் குழந்தைகளின் ஆஸ்துமாவும் அதிகமாக இருந்தது. ஆக, ரசாயனம், குடல், நுரையீரல் மூன்றுக்கும் இடையில் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்பதை நானும் நம்புகிறேன்.

தொடர்பு இருக்கிறது என்பது வேறு, மாத்திரை விழுங்கினால் நோய் குறையும் என்பது வேறு. இரண்டாவதற்கான ஆதாரம் எப்படி இருக்கிறது?

வராமல் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஏமாற்றத்தைத்தான் தந்தன. கர்ப்பத்திலோ பிறந்த முதல் வருடத்திலோ புரோபயாடிக் கொடுத்த சுமார் 20 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆஸ்துமா வருவது குறையவில்லை என்பதே அதன் முடிவு. கலிஃபோர்னியாவில் 184 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் ஆறு மாதம் லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட புரோபயாடிக் ரகங்களில் அதுவும் ஒன்று. 2017இல் முடிவு வந்தது: எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோயையும் ஆஸ்துமாவையும் அது தடுத்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் விஷயத்தில் படம் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது. தைவானில் 160 பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைத் தவிர மற்றவர்களுக்கு மூன்று மாதம் குறிப்பிட்ட ரகங்களைக் கொடுத்தார்கள். 2018இல் வந்த அந்த ஆய்வில், போலி மாத்திரை எடுத்த குழுவைவிட அவர்களின் ஆஸ்துமா கட்டுப்பாடு மேலாக இருந்தது. இத்தாலியில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், திடீரென இழுப்பு முற்றுவது குறைந்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் பயன்பட்டவை குறிப்பிட்ட ரகங்கள். அந்த ரகம் நம் தெருமுனைக் கடையில் கிடைக்கும் அட்டையில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அப்புறம், இந்த இரண்டு ஆய்வுகளும் ரசாயனத்தால் வந்த ஆஸ்துமாவைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவை அல்ல.

புரோபயாடிக் ரசாயனத்தை முறிக்கும் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் முவான்சாவில், கர்ப்பிணிகளுக்கு ஒரு லாக்டோபேசிலஸ் ரகம் சேர்த்த தயிரைக் கொடுத்தார்கள். அவர்களின் ரத்தத்தில் பாதரசமும் ஆர்செனிக்கும் ஏறுவது ஓரளவு தடைப்பட்டது. 2014இல் வந்த ஆய்வு இது. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே விஷம் மீனிலும் சாப்பாட்டிலும் கலந்து வயிற்றுக்குள் போகிறது, பாக்டீரியா அதை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. மணலியில் சுவாசிக்கும் கந்தக டை ஆக்சைடும், பட்டறையில் பெயின்ட் ஹார்ட்னரிலிருந்து வரும் ஐசோசயனேட் என்ற ரசாயனமும் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. குடலில் இருக்கும் பாக்டீரியா அங்கே எட்டிப் பிடிக்க வழியில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் புரோபயாடிக் என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பேசிலஸ் கிளாசி என்று இருந்தால் அது பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்காகக் கொடுப்பது. சாக்கரோமைசஸ் பௌலார்டி என்று இருந்தால் அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வயிறு கெடாமல் இருக்க அதைக் கொடுப்பார்கள். லாக்டோபேசிலஸ் என்று மட்டும் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வர வேண்டிய ரகத்தின் எழுத்தோ எண்ணோ இல்லாவிட்டால், அது எந்த ஆய்வில் வந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, புரோபயாடிக் உணவில் ஒரு நாளைய அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். அட்டையில் உள்ள எண்ணிக்கை தயாரித்த நாளுக்கானதா, காலாவதி நாள் வரைக்கானதா என்றும் பாருங்கள். சென்னை வெயிலில் மூடிய வேனில் வந்து, ஏசி இல்லாத கடையில் கிடக்கும் மாத்திரைக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஒரு மாத்திரை 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய். மூன்று மாதம் கொடுத்துப் பார்க்க 1800 ரூபாய். அந்தக் காசுக்கு வேறு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வியே.

தயிர், பழைய சோறு

இதை நீட்டப் போவதில்லை. வீட்டுத் தயிரில் என்னென்ன பாக்டீரியா எவ்வளவு இருக்கும் என்று அளவு கிடையாது. வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மாறும். அதனால் அதை மருந்து என்று சொல்ல முடியாது, நல்ல சாப்பாடு என்று சொல்லலாம். பழைய சோறும் அப்படித்தான். ராயபுரத்தில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை ஆராய எடுத்ததுகூடக் குடல் அழற்சி நோய்களுக்காகத்தான், ஆஸ்துமாவுக்காக அல்ல. "தயிர் சாப்பிட்டா சளி பிடிக்கும், இழுப்பு வரும்" என்று பிள்ளைக்குத் தயிரையே நிறுத்திவிடும் வீடுகள் நிறைய. பால் ஒவ்வாமை இருப்பதாக டாக்டர் சோதித்துச் சொல்லாதவரை அதற்கு அவசியம் இல்லை.

நார்ச்சத்துதான் இங்கே உண்மையான விஷயம். குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போடாமல் பாக்டீரியாவை மட்டும் விழுங்கி என்ன பயன்? கேழ்வரகுக் கூழ், சுண்டல், முருங்கைக் கீரை, வாழைத்தண்டு, கொய்யா. வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் இவற்றை வாங்க மாத்திரைக் காசில் பாதிகூட ஆகாது. இழுப்பு நிற்காவிட்டாலும் இந்தக் காசு வீண் போகாது.

நெடியை விலக்குவது

எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். சென்னையில் ரசாயனம் என்றதும் எல்லோரும் ஆலைப் புகைபோக்கியைக் கை காட்டுகிறோம். அதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் தெருவுக்கு ஓடி வந்ததை மறக்க முடியாது. அந்த மாதிரி ஒரே தடவை அதிக அளவில் எரிச்சலூட்டும் வாயுவைச் சுவாசித்தவர்களுக்கு, முன்பு ஆஸ்துமாவே இல்லாவிட்டாலும், அதன் பிறகு மாதக்கணக்கில் இழுப்பு நீடிக்கலாம். அப்படி யாருக்காவது இருமல் இன்னும் போகவில்லை என்றால், "அன்னிக்கு அமோனியா அடிச்சுது" என்பதை டாக்டரிடம் சொல்லிக் குறிப்பில் எழுத வைப்பது முக்கியம்.

ஆனால் ஆலையை நாம் நாளைக்கே நிறுத்த முடியாது. வீட்டுக்குள் இருப்பதை இன்றைக்கே நிறுத்தலாம். கொசுவர்த்திச் சுருளில் தொடங்குங்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் நுண்துகளுக்குச் சமம் என்று அளந்தார்கள். பிள்ளை தலைமாட்டில் சுருளை ஏற்றி வைத்துவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, காலையில் நெபுலைசருக்கு ஓடும் வீடுகள் எத்தனை! புரோபயாடிக்குக்கு ஆகும் மூன்று மாதக் காசில் ஒரு சின்ன வீட்டின் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துவிடலாம், இல்லாவிட்டால் கட்டிலுக்கு ஒரு வலையாவது கட்டிவிடலாம். சுருளுக்குப் பதில் லிக்விட் போட்டால் புகை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆவியே சிலருக்கு இருமலைக் கிளப்பும், அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாத்ரூம். ஆசிட்டை ஊற்றித் தேய்த்து, அது போகும் முன்பே மேலே ப்ளீச்சிங் பவுடரைத் தூவுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன, ஜன்னலில்லாத பாத்ரூமில் அது தாக்கினால் நல்ல மூச்சு உள்ளவர்களுக்கே நெஞ்சு அடைக்கும். ஐரோப்பாவில் 6000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 20 வருடம் தொடர்ந்து கவனித்து, 2018இல் ஒரு முடிவு சொன்னார்கள்: வீட்டையோ வேலை இடத்தையோ துப்புரவு செய்யும் பெண்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. 2020இல் கனடாவில், பிறந்த சில மாதங்களில் துப்புரவுப் பொருள்களை அதிகம் புழங்கிய வீட்டுக் குழந்தைகளுக்கு மூன்று வயதில் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது தெரியவந்தது. தினமும் ஃபினாயில் வாசனை வந்தால்தான் வீடு சுத்தம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். தரைக்குத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஸ்ப்ரேயாக அடிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது மூச்சுக்கு நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன்: மூடிய பூஜை அறையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, துணி அலமாரியில் பாச்சை உருண்டை, ரூம் ஸ்ப்ரே, புதிதாக அடித்த பெயின்ட், மாநகராட்சி கொசு மருந்துப் புகை வண்டி வரும் நேரம், போகி விடியற்காலை. சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றினால் குறை ஒன்றும் இல்லை. கொசு மருந்து வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அது போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள்.

வெளிக்காற்றை நாம் மாற்ற முடியாவிட்டாலும் பார்த்துக்கொள்ள முடியும். மணலி, கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி, வேளச்சேரி போன்ற இடங்களில் அரசு காற்று அளவீட்டுக் கருவிகள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அந்தக் கணக்கு வருகிறது. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்திய வரம்பு ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. 'திருப்திகரம்' என்று செயலி காட்டும் நாளில்கூட ஆஸ்துமாப் பிள்ளைக்கு இருமல் வரலாம் என்பதற்கு இந்த இடைவெளியே காரணம் சொல்லும்.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக

கார் பெயின்ட், ஃபோம் மெத்தை, சோபா, மர வார்னிஷ் வேலைகளில் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். பெயின்டோடு கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. பியூட்டி பார்லரில் முடியை வெளுக்கப் பயன்படும் பெர்சல்ஃபேட் பவுடரும் இந்த வகைதான். முதலில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஒன்றும் செய்யாது. உடம்பு ஒரு தடவை அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு துளி ஆவி பட்டாலும் இழுப்பு வரும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பெயின்ட் அடிக்கும்போது பலருக்கு ஒன்றும் தெரியாது. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் மூச்சு அடைக்கும். "பட்டறையில நல்லாத்தான் இருந்தேன், வீட்டுக்கு வந்தாத்தான் இழுக்குது" என்று என் தங்கை வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் தலையணைப் பஞ்சையும் தயிர்சாதத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க் கருவி ஒன்று போதும். பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேளுங்கள். நின்றுகொண்டு, மூச்சை நிறைய இழுத்து, வாயால் இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் முடிந்த அளவு வேகமாக ஊத வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மூன்று தடவை ஊதியதில் அதிகமானதை நோட்டில் எழுத வேண்டும். எழுந்ததும், மத்தியானம், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளைக்கு நான்கு வேளை. வேலை நாளும் லீவு நாளும் கலந்து நான்கு வாரம் எழுதினால் கதை தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, ஞாயிறு அன்று 420 வருகிறது, வேலை நாள் ராத்திரிகளில் 330க்கு இறங்குகிறது, தீபாவளி லீவில் மறுபடி ஏறுகிறது என்றால், காரணம் வயிற்றில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு நெஞ்சக நோய் மருத்துவரிடம் போங்கள். நோய் உறுதியாவதற்கு முன் அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டால் இந்த ஆதாரம் கிடைக்காமல் போய்விடும், அதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள். கருவியில் ஊதும்போதே மூச்சு விட முடியாத அளவுக்கு இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

உறுதியான பிறகு தள்ளிப்போடவும் கூடாது. எவ்வளவு சீக்கிரம் அந்தப் பொருளை விட்டு விலகுகிறோமோ அவ்வளவுக்கு முழுசாகக் குணமாகும் வாய்ப்பு உண்டு. வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தால், விலகின பிறகும் ஆஸ்துமா கூடவே தங்கிவிடும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் உதவாது. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இந்த நிலையில் புரோபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே ஹார்ட்னர் கலப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான்.

இன்ஹேலரை ஏன் முதலில் வைக்கிறேன்

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமாவால் சாகிறவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் நம்மவர்கள். 2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீடு இது. தடுப்பு மருந்து எடுக்காமல் நீல நிற இன்ஹேலரையும் நெபுலைசரையும் மட்டும் நம்பி இருப்பது இதற்கு முக்கியக் காரணம். நீல இன்ஹேலர் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலேயே சொல்லிவிட்டது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர்தான்.

ஸ்டீராய்டு என்ற பெயரே பயமுறுத்துகிறது. இன்ஹேலரில் ஒரு தடவை இழுத்தால் போவது 100, 200 மைக்ரோகிராம் அளவில். இழுப்பு முற்றி கிளினிக்குக்கு ஓடும்போதெல்லாம் கொடுக்கும் மாத்திரையும் ஊசியும் மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம். இன்ஹேலருக்குப் பயந்து, அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை வருடத்தில் பல தடவை உடம்பு முழுக்க ஏற்றிக்கொள்கிறோம். பிள்ளை வளராது என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பூடெசொனைடு இன்ஹேலரை வருடக்கணக்கில் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆகும் வரை கவனித்தார்கள். 2012இல் வந்த முடிவின்படி, உயரத்தில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பம் வராது.

சின்னப் பிள்ளைக்கு, இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்துக் கொடுங்கள், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் படியும். தனியாரில் வாங்கினாலும் பல தடுப்பு இன்ஹேலர்கள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 1928 முதல் இயங்கும் தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை என்று காசில்லாமல் பார்க்கவும் நல்ல இடங்கள் இருக்கின்றன.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஹெப்பா ஃபில்டர் தூசியையும் புகைத் துகளையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கரி ஃபில்டர் வேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஓசோன் விடும் கருவிகள் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கெடுதல். சுருளையும் ஊதுபத்தியையும் நிறுத்தாத வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க் கருவி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீடு மாற்றுவதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? வாடகை, பள்ளிக்கூடம், வேலை எல்லாம் சேர்ந்த முடிவு அது. முடிந்தவர்கள் ஆலைக்கும் குப்பைமேட்டுக்கும் காற்று போகும் திசையில் இல்லாத தெருவாகப் பார்க்கலாம்.

அப்படியும் புரோபயாடிக் கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால்

தடுப்பு இன்ஹேலர் ஒழுங்காக நடக்கிறது, வீட்டில் புகை நின்றுவிட்டது, கையில் காசும் இருக்கிறது, டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி, பாருங்கள். ரகத்தின் பெயர் முழுசாக எழுதியிருப்பதாக ஒன்றையே எடுங்கள். மூன்று மாதம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் வேறு எதையும் புதிதாக மாற்றாமல், வாரத்தில் எத்தனை ராத்திரி எழுந்தார்கள், நீல இன்ஹேலரை எத்தனை தடவை எடுத்தார்கள் என்று காலண்டரில் குறியுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். எந்தக் காரணத்துக்காகவும் அதை நம்பித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை ஆனவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அலர்ஜி இருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்ற பெண்கள் கேட்டால் விஷயம் கொஞ்சம் வேறு. உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல் அப்படிப்பட்டவர்கள் எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னது. ஆனால் அது குழந்தைக்கு எக்ஸிமா வருவதைக் குறைக்கத்தான். ஆஸ்துமாவைத் தடுக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

பட்டறைக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை இருந்து, பட்டறை ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் பதிவாகி இருந்தால், வேலைப் பொருளால் வரும் ஆஸ்துமா தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சையோடு இழப்பீட்டுக்கும் வழி உண்டு. கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அயனாவரத்துக்கோ போகும்போது ஈ.எஸ்.ஐ. அட்டையோடு பீக் ஃப்ளோ நோட்டையும், கலக்கும் ஹார்ட்னர் டப்பாவின் லேபிளை போனில் போட்டோ எடுத்தும் கொண்டு போங்கள். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று டாக்டர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்.